ஆறு நிமிட வெயில்

முதல் வருடத்திலேயே எனக்கு என்ஜினியரிங் டிராயிங் புட்டுக்கொண்டது. சிவில் படிக்க வந்தவளுக்கு டிராயிங்கில் அரியர் என்றால் டிரைவர் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு கியர் போடத் தெரியாத மாதிரி. ஸ்கேல் வைத்துப் போட்டாலும் என் கோடு எங்கேயாவது ஒரு இடத்தில் தள்ளாடும். டிராயிங் மேடம் என் ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, "இது என்னம்மா, பூரான் ஊர்ந்த தடமா?" என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இரண்டாம் வருடம் ஒரு பிளானை பிரிண்ட் போட பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடைக்குப் போனேன். அம்மோனியா பிரிண்ட் கடை. வீட்டு பிளான், மனை பிளான் எல்லாம் ஊதாக் கோட்டில் வருமே, அதுதான். மஞ்சள் பூச்சுள்ள பேப்பர். வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துப் போகும், படாத இடத்தில் மஞ்சள் அப்படியே நிற்கும். அதற்கு அம்மோனியா ஆவியைக் காட்டினால் மஞ்சள் ஊதாவாக மாறும். இவ்வளவுதான் விஷயம்.

கடையில் கூட்டம். வாசலில் கிடந்த ஒரு துண்டுப் பேப்பரின் மேல் சாவிக்கொத்தை வைத்துவிட்டு நின்றேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தால், பேப்பர் முழுக்க வெள்ளை, சாவிக்கொத்து மட்டும் மஞ்சளாகப் படுத்திருக்கிறது. கடைக்கார அண்ணன் சும்மா இருக்கட்டும் என்று அதை மெஷினில் விட்டுக் கொடுத்தார். சைக்கிள் சாவி, பெட்டிச் சாவி, அதன் பல், வளையத்தின் நெளிவு, எல்லாம் ஊதாவில் அச்சு அசலாக. ஒரு கோடுகூட தள்ளாடவில்லை. ஏனென்றால் ஒரு கோடுகூட நான் போடவில்லை.

"அண்ணே, இந்தப் பேப்பர் வேணும்."

"எதுக்கு?"

"படம் போட."

"உனக்குத்தான் டிராயிங்கே வராதுன்ன?"

"அதுக்குத்தாண்ணே கேக்குறேன்."

தேதி முடிந்த ஒரு ரோலை, "எடுத்துட்டுப் போயி என்னமோ பண்ணு, எனக்கு எடத்த அடைக்குது" என்று கொடுத்தார். கறுப்பு பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தது. பஸ்ஸில் அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஒரு மாதம் கிறுக்குப் பிடித்த மாதிரி பண்ணினேன். சின்ன வெங்காயத்தை வேரோடு வைத்தேன், கருவேல முள் வைத்தேன், கொசுவலை, அறுந்த செருப்பு வார், பருத்திச் செடி. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அது நான்தான். ஆனால் அம்மோனியா கிடைக்கவில்லை. காலேஜ் லேபில் கேட்டால் லெட்டர் கொண்டு வா என்றார்கள். லெட்டர் கொண்டு போனால் யார் கையெழுத்து என்றார்கள். சரி, போங்கடா என்று விட்டுவிட்டேன். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி கொஞ்சம் மண்டையில் மிச்சம் இருந்தது. அம்மோனியம் சல்பேட்டோடு சுண்ணாம்பைக் கலந்தால் அம்மோனியா வரும். சல்பேட்டு உரம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மூட்டையாக இருக்கிறது. சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்?

பஞ்சம்தான். பெரம்பலூர் கடையில் வாங்கிய சுண்ணாம்புத் தூள் காற்றுப் பட்டுச் செத்துப் போயிருந்தது. பிளாஸ்டிக் டிரம்முக்குள் பேப்பரைத் தொங்கவிட்டு, அடியில் உரமும் அந்தத் தூளும் போட்டு மூடி வைத்தால், அரை மணி நேரம் கழித்து படம் சேற்றில் விழுந்த வேட்டி மாதிரி வருகிறது. காளவாய்ச் சூளையிலிருந்து புதிதாக எடுத்த கல்சுண்ணாம்பு வேண்டும். அரியலூர் பக்கம் கிடைக்கும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் நாலு கட்டி வாங்கினேன்.

இங்கேதான் என் படிப்பு சந்தி சிரித்தது. கொண்டுவரப் பை இல்லை என்று சாப்பிட்டுக் கழுவிய எவர்சில்வர் டிபன் பாக்ஸில் கட்டிகளைப் போட்டு மூடிவிட்டேன். பாக்ஸை நான் துடைக்கவில்லை. பாதி வழியில் மடி சுட ஆரம்பித்தது. டிபன் பாக்ஸ் உஸ் என்றது. மூடி டப்பென்று தெறித்து முன் சீட்டுக்காரர் தலையில் பட்டு விழ, வெள்ளையாக ஆவி கிளம்பியது.

கண்டக்டர் ஓடி வந்தார். "ஏம்மா! என்னா அது, குக்கரா?"

"சுண்ணாம்புங்க."

"சுண்ணாம்ப எவனாச்சும் சோத்து டப்பாவுல கொண்டாருவானா? என்னா படிக்கிற?"

"என்ஜினியரிங்."

"வெளங்கிரும்" என்றார் முன் சீட்டுக்காரர், தலையைத் தடவிக்கொண்டே.

வெந்து தூளாகாமல் மிச்சமிருந்த மூன்று கட்டியே எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு டிரம்மைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. வெங்காய வேர் ஒவ்வொன்றும் மயிரிழையாக, கருநீலத்தில் வந்திருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் டிபார்ட்மெண்ட் விழா வந்தது. ஒவ்வொரு வகுப்பும் கண்காட்சிக்கு ஏதாவது செய்து வைக்க வேண்டும். எல்லோரும் தெர்மாகோலில் பாலம், தெர்மாகோலில் அணைக்கட்டு என்று போனார்கள். நான் எச்.ஓ.டி. ரூமுக்குப் போய் வெங்காய வேர் படத்தைக் காட்டினேன். இதே மாதிரி ஓர் ஆளை முழு உயரத்துக்கு எடுத்து மாட்டப் போகிறேன் என்றேன்.

"யார எடுக்கப் போற?"

"எங்கம்மாவ சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் அம்மா யார் என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எங்கள் சிவில் பிளாக்கை தினமும் பெருக்குவது அவள்தான். நான் ஒன்பதாவது படித்தபோது வெங்காயக் காட்டு வேலையை விட்டுவிட்டு அந்தக் காலேஜில் சேர்ந்தவள். மெரிட்டில் எனக்கும் அங்கேயே சீட்டு கிடைத்தது. சேர்ந்த முதல் நாளே வகுப்பில் எழுந்து நின்று நானே சொல்லிவிட்டேன். யாராவது கண்டுபிடித்து என்னிடம் குசுகுசுப்பதற்கு முன்னால் சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான்.

"விருந்தாளிங்க வருவாங்கம்மா," என்றார் எச்.ஓ.டி. "நம்ம சப்ஜெக்டுக்குச் சம்பந்தமா ஒரு பாலம் கீலம்..."

"பாலம் எல்லாரும் வைக்கிறாங்க சார். நம்ம பில்டிங்க தெனம் தொட்டுப் பாக்குற ஆளு அவங்கதான். இதுக்கு மேல என்ன சம்பந்தம்?"

"முதல்ல கொண்டா. நல்லா இருந்தா பாப்போம்."

அது சரி என்று சொன்னதும் இல்லை, இல்லை என்று சொன்னதும் இல்லை. எனக்கு அது போதும். அம்மா முழுசாக, தலை முதல் கால் வரை, எங்கள் டிபார்ட்மெண்ட் சுவரில் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

யோசனை எல்லாம் அம்மாவுக்குத்தான் இருந்தது. வீட்டில் என்னை "டீ" போட்டுத் திட்டுகிறவள், காலேஜுக்குள் என்னைத் தெரியாத மாதிரி போவாள். வராண்டாவில் எதிரே வந்தால், "கொஞ்சம் ஒதுங்குங்க பாப்பா, ஈரமா இருக்கு" என்பாள். அந்த "ங்க" கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தேன்.

"நான் கூட்டுறது ஒனக்கு வேடிக்கையாடி? நாலு பேரு பாக்க சுவத்துல மாட்டப் போறியா?"

"மூஞ்சி தெரியாதும்மா. நெழலு மட்டுந்தான் விழும்."

"என் நெழல எனக்குத் தெரியாதா? அங்க இருக்குறவங்களுக்குத் தெரியாதா? தொடப்பத்தப் பாத்தாலே சொல்லிருவாங்க."

"தெரியட்டுமே."

"இதுக்கு அந்த டிராயிங்ல மார்க்கு போடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்பறம் என்ன எழவுக்கு?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா என் தட்டைப் பார்த்தாள். சோறு மிதந்தது.

"போதும் ஊத்துனது. ஏழரைக்கு வா. எட்டு மணிக்கு மேல நான் நிக்க மாட்டேன்."

எட்டு மணி என்பது அங்கே கணக்கு. ஆறுக்கு ஆரம்பித்து எட்டுக்குள் பெருக்குகிறவர்கள் எல்லோரும் வேலையை முடித்துப் பின்பக்கம் போய்விட வேண்டும். பசங்க வரும்போது தரை சுத்தமாக இருக்கும், சுத்தம் செய்தவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். யாரும் எழுதிப் போட்ட சட்டம் இல்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஏழரை வெயில் சாய்ந்த வெயில், வேகம் பத்தாது. என் தோழி ஒருத்தியை அதற்காக ஒரு வாரம் காலையில் எழுப்பினேன். லப்பைக்குடிக்காட்டுக்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவள் கையைத் துண்டுப் பேப்பரில் வைத்து, ரெண்டு நிமிடம், நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று பார்த்தோம். ஆறில்தான் விரல் சுத்தமாகப் பிரிந்து வந்தது.

"எங்க வாப்பா துபாய்லேர்ந்து அனுப்புன வாட்ச்சு இது," என்றாள் அவள். "பெருசா பரிச்ச எழுதுவேன்னு நெனச்சி அனுப்புனாரு. நீ என்னடான்னா கோழி அவிக்கிற மாதிரி என் கைய அவிச்சிகிட்டு இருக்க."

குறித்த நாள் காலை கிழக்குச் சுவரில் ஒரு பழைய கரும்பலகையைச் சாய்த்து, ஆறடி பேப்பரை கிளிப் போட்டு மாட்டினோம். அம்மா முதுகைப் பலகையில் ஒட்டி நின்றாள். நீளத் துடைப்பம் கையில். தோழி வாட்சைப் பார்த்தாள்.

மூன்றாவது நிமிடம் எச்.ஓ.டி. ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சீக்கிரம் வந்துவிட்டார். வராண்டா பக்கம் அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், அம்மா சட்டென்று பலகையை விட்டு நகர்ந்து ஓரமாகப் போய்விட்டாள். துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அவர் எதையும் கவனிக்காமல் உள்ளே போனார். ஆளில்லாத பேப்பரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கவரை எடுத்து மூடுவதற்குள் எல்லாம் வெளுத்துவிட்டது.

இருந்தாலும் ஆவி காட்டினேன். பேப்பர் நடுவில் அடுப்புப் புகை மாதிரி ஒரு கலங்கல். தலை எது, தோள் எது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாருடி இது? பேயி மாதிரி இருக்கு" என்றாள்.

"நீதான். எச்.ஓ.டி.யப் பாத்ததும் ஓடுனியே, அது."

சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா கோபப்படவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஓடலடி. வழி விட்டேன். ஒன்னப்போல எல்லாரையும் எதுத்துப் பேசிகிட்டு நின்னிருந்தா இந்நேரம் திரும்ப வெங்காயம் உரிக்கப் போயிருப்பேன். நீயும் இந்தப் பேப்பர வச்சி வெளையாண்டுகிட்டு இருக்க மாட்ட."

மன்னிப்பு எல்லாம் கேட்கத் தெரியாத வயசு. ரோலைப் பிரித்து அளந்தேன். ஐந்தரை அடி மிச்சம் இருந்தது. அம்மா கொண்டையோடு சேர்த்து ஐந்தடி இரண்டு அங்குலம். ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். விழாவுக்கு இன்னும் மூன்று நாள்.

"ஞாயித்துக்கெழம போயி எடுத்துரலாம்மா," என்றேன். "யாரும் இருக்க மாட்டாங்க. நிம்மதியா நிக்கலாம்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு அங்க என்ன வேல? சும்மா போயி நின்னா அது நானா? வேல நாள்லயே நிக்கிறேன்."

"மறுபடி யாராச்சும் வந்தா?"

"வந்தா வரட்டும்."

இதை அவள் எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவள்தான் என்னை எழுப்பினாள். வெளுத்து மடித்திருந்த நல்ல சேலையை ஓரமாக வைத்துவிட்டு, எப்போதும் வேலைக்குக் கட்டுகிற நூல் சேலையையே கட்டினாள். கொண்டையை மட்டும் இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டாள்.

வழக்கத்தைவிட முன்னாலேயே போய் வராண்டாவைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றித் துடைத்து முடித்திருந்தாள். பலகையில் நான் பேப்பரை மாட்டியதும் வந்து முதுகை ஒட்டினாள். இந்தத் தடவை துடைப்பத்தைக் காலோரம் தொங்கவிடவில்லை. வேல் பிடிக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தாள். குச்சி எல்லாம் மேலே விரிந்து நின்றது. அப்படிப் பிடி என்று நான் சொல்லவில்லை.

கவரை எடுத்தேன். "ஆரம்பம்," என்றாள் தோழி.

ஒரு நிமிடம். ரெண்டு நிமிடம். ஓர் ஈ வந்து அம்மாவின் மூக்கில் உட்கார்ந்தது. விரட்டப் போன தோழியை நான் இழுத்துப் பிடித்தேன், அவள் கை நிழலும் சேர்ந்து விழுந்துவிடும். மூன்று நிமிடம். ஸ்கூட்டர்.

எச்.ஓ.டி. இந்த முறை நேராக எங்களை நோக்கியே வந்தார். கறுப்புக் கவரும் கரும்பலகையும் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவர் போக வேண்டிய படி பலகைக்கு ரெண்டடி தள்ளி. நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் தரையை அழுத்தியது. கால் நகரவில்லை.

"வணக்கம் சார்," என்றாள் அம்மா. வாய் மட்டும்தான் அசைந்தது. "பாப்பா ஆறு நிமிசம் நவுரக் கூடாதுன்னுருக்கு. இன்னும் ரெண்டு கெடக்கு. இந்தப் படியில ஏறுனா உங்க நெழலு எம்மேல விழுந்துரும். அந்தாண்ட படி வழியாப் போயிருங்க சார். ஈரமா இருக்கு, பாத்து."

எச்.ஓ.டி. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தோழி வாட்சைப் பார்த்தாள். அவர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தாண்ட படிக்கு நடந்தார். ஈரத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் நடந்தார்.

"ஆறு!" என்று தோழி கத்தியதும் நான் பேப்பரைச் சுருட்டிக் கவரில் போட்டேன். அம்மா பலகையிலேயே சாய்ந்து நின்றாள். மூக்கை அழுத்தித் தேய்த்தாள். "ஈயி," என்றாள். "அந்த ஈயி மட்டும் கையில கெடைக்கட்டும்."

அன்று சாயங்காலமே தோழியையும் வீட்டுக்குக் கூட்டிப்போய் டிரம்மில் வைத்தோம். அம்மாதான் மூடியைத் திறந்தாள். மூவருக்கும் இருமல். வாசலில் விரித்தோம். கருநீலத்தில் ஒரு பெண். நிமிர்ந்த தலை, கொண்டை, தோள், முழங்கை. முந்தானை நூல் சேலை என்பதால் அதில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவி, வெளிர்நீலமாக விசிறி மாதிரி இறங்கியிருந்தது. துடைப்பத்தின் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாக. கீழே ரெண்டு பாதம், அசையாமல்.

அம்மா ரொம்ப நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "இம்புட்டு ஒசரமாடி நான்?" என்றாள்.

எச்.ஓ.டி. படத்தைப் பார்த்ததும் மீசையைத் தடவினார். "நல்லாத்தான் இருக்கு. அந்தத் தண்ணி ஃபில்டர் பக்கம் மாட்டிக்க." முடியாது சார், அங்கே பாதி படம் ஃபில்டருக்குப் பின்னால் போய்விடும் என்றேன். அப்படியானால் கடைசி ரூம் என்றார். அங்கே யாரும் வர மாட்டார்கள் என்றேன். பத்து நிமிடம் விடவில்லை. கடைசியில், "எங்கயாச்சும் மாட்டித் தொல" என்று மாடிக் கதவின் சாவியைக் கொடுத்தார். மாடிப்படி ஏறியதும் எதிரே தெரிகிற சுவரில் மாட்டினேன். நாலு ஆணி. நானே அடித்தேன். ஒன்று கோணல்.

விழா அன்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். மாடியில் பேச்சுச் சத்தம். மெக்கானிக்கல் பிளாக், மெஸ், லேடீஸ் ஹாஸ்டல் எல்லாவற்றையும் பெருக்குகிற ஏழெட்டுப் பேர் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அம்மா நடுவில்.

"எனக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்லுக்கா ஒம்மவள," என்றது மெஸ்ஸில் வேலை செய்கிற அக்கா. "எம்மருமவ பாக்கட்டும்."

"பேப்பர் தீந்து போச்சுக்கா," என்றேன்.

"தீந்தா வாங்கிக்கிட்டு வா," என்றாள் அம்மா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்த அக்காவின் தோளைப் பிடித்து சுவரோடு ஒட்டி நிறுத்திவைத்தாள். "இப்பவே பழகிக்க. முதுவ ஒட்டு. மோவாய தூக்கு. மூச்ச விடு, ஆனா ஆடாத. எவரு வந்தாலும் வாயால வணக்கம் சொல்லு, போதும்."